மார்ட்டின் பேக்கர் கால்பட்டிகள்: அடையாளம் காண்பது, வாங்குவது, நம் உப்புக்காற்றில் காப்பது

வாவிக்கரை (கல்லடி)

லண்டனில் இருக்கும் மச்சான் மூலம் ஒரு சோடி கால்பட்டி கைக்கு வந்திருக்கிறது. நீல நிற நைலோன் பட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு டி வளையம், கொளுவிக் கழற்றும் ஒரு பக்கிள். உள்பக்கம் தைத்த லேபிளில் 1680-99 என்று தொடங்கும் இலக்கம் இருக்கிறது. மிச்சம் கொஞ்சம் அழிந்துவிட்டது. விற்றவர் இதை “ஃபாண்டம் விமானியின் கால்பட்டி” என்று சொல்லி விற்றார். ஃபாண்டம் என்பது அமெரிக்காவில் செய்த ஒரு போர் ஜெட். அந்தப் பெயருக்காகவே விலையும் கூட.

இந்தப் பொருளைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். ஜெட் விமானி ஆபத்தில் கைபிடியை இழுத்தால், அவர் இருக்கும் எஜெக்‌ஷன் சீற் அவரையும் சேர்த்து மேலே சுடப்படும். அந்த நேரம் கால்கள் தொங்கிக்கொண்டிருந்தால் முழங்கால் முன்பலகையில் அடிபடும். வெளியே வந்ததும் காற்று கால்களை இரண்டு பக்கமும் பிரித்து எறியும். அதைத் தடுக்கத்தான் இந்தப் பட்டி. இப்படியான சீற்றுகளைச் செய்யும் பிரித்தானியக் கம்பனிதான் மார்ட்டின் பேக்கர். விமானி விமானத்துக்கு நடந்து போகும்போதே காலில் கட்டிக்கொண்டு போவார். சீற்றில் இருந்து வரும் கயிறு இதன் வளையத்துக்குள்ளால் போகும்.

நான் பழைய விமானிகளின் சாமான்களில் இதை மட்டும்தான் சேர்க்கிறேன். ஹெல்மெற், ஒட்சிசன் முகமூடி எல்லாம் ஆயிரம் பேர் சேர்க்கிறார்கள். கால்பட்டியை யாரும் கவனிப்பதில்லை, அதனால் நல்லவையும் குப்பையோடு போகின்றன. இது உண்மையிலேயே ஃபாண்டமுக்கு உரியதா, வேறு எதற்காவது உரியதா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படம் மூன்று போட்டிருக்கிறேன்.

லண்டன்_மட்டு (பிறந்தது களுவாஞ்சிகுடி)

தம்பி, படம் பார்த்தேன். சாமான் உண்மையானது. விற்றவர் சொன்ன கதையைத்தான் நான் நம்ப மாட்டேன்.

இலக்கத்தில் இருந்து தொடங்குவோம். நேட்டோ நாடுகளின் கையிருப்பு இலக்கம் 13 தானம், அதாவது 13 எண்கள் கொண்டது. முதல் நான்கும் பொருளின் வகுப்பு. 1680 என்றால் விமானத்தின் பலவகைத் துணைப்பாகங்கள். எஜெக்‌ஷன் சீற்றின் உதிரிகள் இதில் வரும். 1670 பரசூட், 1660 ஒட்சிசன் சாமான்கள், 8475 விமானிகளின் விசேட உடுப்பு. அடுத்த இரண்டு தானம் நாடு: 99 பிரித்தானியா, 00 அல்லது 01 அமெரிக்கா, 12 ஜெர்மனி, 14 பிரான்ஸ், 15 இத்தாலி, 21 கனடா, 66 அவுஸ்திரேலியா.

ஆக உங்களுடையது பிரித்தானிய இலக்கம். அது ஃபாண்டம் இல்லை என்று இதை வைத்தே அடித்துச் சொல்ல முடியாது, ஏனென்றால் பிரித்தானிய விமானப்படையிடமும் 1992 வரை ஃபாண்டம் இருந்தது. ஆனால் அதே இலக்கம் ஃபாண்டம் என்றும் சொல்லவில்லை. இந்த வியாபாரத்தில் எல்லாரும் சறுக்கும் இடம் இதுதான். கால்பட்டி விமானியின் சொந்தச் சாமானாக வழங்கப்பட்டது. அவர் பயிற்சி விமானத்தில் இருந்து போர் விமானத்துக்கு மாறினாலும் மார்ட்டின் பேக்கர் சீற்றிலேயே இருக்கும்வரை அதே மாதிரிப் பட்டியைத்தான் கட்டினார். “ஹண்டர் கால்பட்டி”, “லைட்னிங் கால்பட்டி” என்று வரும் விளம்பரங்களில் விமானத்தின் பெயர் விற்பவர் ஒட்டியது. விமானியின் பறப்புப் பதிவேடோ, அவர் கையால் எழுதிய கடிதமோ கூட வந்தால் ஒழிய அந்தப் பெயருக்கு ஒரு சதமும் கூடக் கொடுக்காதீர்கள்.

வாவிக்கரை (கல்லடி)

மிக்க நன்றி அண்ணன். அப்படியென்றால் எந்தக் காலத்தது என்றாவது சொல்ல முடியுமா?

லண்டன்_மட்டு

ஓரளவுக்கு முடியும். பிரித்தானியச் சாமான்களில் பழையவற்றுக்கு 22C/ என்று தொடங்கும் இலக்கம் வரும். அது விமானிகளின் உடுப்புப் பிரிவு. கூடவே கிரீடத்துக்குக் கீழே A.M. முத்திரை இருந்தால் ஏர் மினிஸ்ட்ரி, அதாவது பிரித்தானிய விமான அமைச்சின் காலம். அந்த அமைச்சு 1964இல் பாதுகாப்பு அமைச்சோடு சேர்க்கப்பட்டுவிட்டது. உங்களுடையது 13 தானம், அதனால் அதற்குப் பிந்தியது என்று எடுக்கலாம்.

அமெரிக்கச் சாமானுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. அவர்களுடைய பழைய இலக்கம் 11 தானம்தான், நாட்டின் இலக்கம் நடுவில் இருக்காது. 1974இல்தான் 13 தானத்துக்கு மாறினார்கள். லேபிளில் ஒப்பந்த இலக்கம் இருந்தால் அதையும் பாருங்கள். DSA என்று தொடங்கினால் 1977க்கு முன், DLA என்றால் அதன் பின்; இரண்டும் அமெரிக்க இராணுவத்துக்குச் சாமான் வாங்கும் ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய பெயர்ச் சுருக்கம். நடுவில் வரும் இரண்டு தானம் நிதியாண்டு: 68 என்று இருந்தால் 1968. லேபிள் கிழிந்த பட்டியை மலிவாக வாங்குபவர்கள் இதைத்தான் இழக்கிறார்கள். துணி கொஞ்சம் நைந்திருந்தாலும் பரவாயில்லை, லேபிள் முழுதாக இருப்பதை எடுங்கள்.

கணக்கு_சேர் (கல்முனை)

காற்று கால்களை எறியும் என்று மேலே எழுதியிருக்கிறது. எவ்வளவு விசை என்று ஒருமுறை போட்டுப் பார்த்தால் இந்தப் பட்டியின் பெறுமதி விளங்கும்.

விமானம் கடல்மட்டத்துக்குக் கிட்ட 500 நொட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். அது மணிக்கு 926 கிலோமீற்றர், செக்கனுக்கு ஏறக்குறைய 257 மீற்றர். காற்றின் அடர்த்தி ஒரு கன மீற்றருக்கு 1.225 கிலோகிராம். இயங்கு அமுக்கம் என்பது அடர்த்தியின் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்குவது. விடை ஏறத்தாழ 40,000 பஸ்கால், அதாவது சதுர மீற்றருக்கு நான்கு தொன்னுக்குச் சற்று மேல்.

முழங்காலுக்குக் கீழே காலின் முன்பரப்பு 40 சென்ரிமீற்றர் நீளம், 12 சென்ரிமீற்றர் அகலம் என்று எடுத்தால், அந்த ஒரு காலில் மட்டும் 1,900 நியூட்டனுக்கு மேல் விசை. 200 கிலோ எடையைக் காலில் தொங்கவிட்டதற்குச் சமன். அதுவும் மெதுவாகக் கூடி வருவதில்லை, விமானத்தின் விளிம்பைக் கடந்த கணத்தில் மொத்தமாக வந்து அடிக்கும். இரண்டு காலிலும் ஒரே அளவாக விழாது, சீற் சுழலும். தசையால் பிடித்து வைக்க எந்த மனிதனாலும் முடியாது. வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வாவிக்கரை தம்பி, பாடசாலைக் கண்காட்சிக்கு உங்கள் சோடியை ஒருநாள் இரவல் தருவீர்களா?

வாவிக்கரை (கல்லடி)

கட்டாயம் சேர். நானே கொண்டுவந்து விளக்கமும் சொல்கிறேன்.

சீனன்குடா_மகன் (ஆரையம்பதி)

என் தகப்பனார் ரோயல் சிலோன் விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்தவர். இந்தக் கால்பட்டி நம் நாட்டுக்குப் புதிய சாமான் இல்லை என்பதற்காக எழுதுகிறேன்.

1959இல் இலங்கைக்கு ஜெட் புரோவோஸ்ட் T.51 வந்தது. மொத்தம் 12. பக்கத்தில் பக்கமாக இருவர் இருக்கும் பயிற்சி விமானம், சீற் மார்ட்டின் பேக்கர் மார்க் 4 வகை. பிறகு அவற்றைக் களஞ்சியத்தில் போட்டுவைத்து, 1971 கிளர்ச்சியின்போது திரும்ப எடுத்துப் பறந்தார்கள். அதே ஆண்டில்தான் சோவியத்தில் இருந்து மிக் 17 வந்தது. ஆகவே இங்கே கால்பட்டி கட்டிய விமானிகள் அறுபதுகளிலேயே இருந்திருக்கிறார்கள்.

அப்பா சொன்ன முறையைச் சொல்கிறேன். சீற்றின் முன்விளிம்பில் இரண்டு சிறிய பெட்டி இருக்கும், ஸ்னப்பர் என்பார்கள். கால் கயிற்றின் ஒரு முனை விமானத்தின் தரையில் ரிவெட் ஒன்றால் பிடிக்கப்பட்டிருக்கும். அங்கிருந்து ஸ்னப்பருக்குள்ளால் மேலே வந்து, விமானியின் பட்டியில் உள்ள டி வளையத்துக்குள்ளால் போய், மறுமுனையில் உள்ள கூரான உலோக முளை சீற்றில் உள்ள பூட்டுக்குள் கிளிக் என்று போகும். ஸ்னப்பர் கயிற்றை ஒரு பக்கம் மட்டும்தான் விடும், கேபிள் டை இறுகுவது போல. பறக்கும்போது காலை முன்னே நீட்ட வேண்டும் என்றால் விமானி அதன் சிறு நெம்பைப் பிடித்துக் கயிற்றைத் தளர்த்திக்கொள்வார்.

சீற் மேலே கிளம்பினால் தரையில் உள்ள முனை அங்கேயே நிற்கும், சீற் போகும். அப்போது கயிறு கீழே இழுபட்டுக் கால்களைச் சீற்றின் முகத்தோடு சேர்த்து இறுக்கும். முழுதாக இறுகிய பிறகு தரையில் உள்ள ரிவெட் அறும். ஸ்னப்பர் கயிற்றைத் திரும்ப விடாது, ஆகவே கால் அங்கேயே பிடிபட்டிருக்கும். மறுகா சீற்றில் இருந்து விமானி பிரியும் நேரம் வந்ததும் பூட்டுகள் தானாகத் திறந்து முளைகள் வெளியே வரும், கயிறு வளையத்துக்குள்ளால் உருவிக்கொண்டு போகும், கால் விடுபடும். பட்டி மட்டும் காலோடு பரசூட்டில் இறங்கும்.

இதை நினைத்துப் பாருங்கள்: மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை. சீற் ஏறும் அசைவே காலைக் கட்டுகிறது. அப்பா விமானங்களைப் பற்றி அதிகம் பேசமாட்டார், இந்தக் கயிற்றைப் பற்றி மட்டும் ஆசையாகப் பேசுவார்.

தறிக்காரன் (மருதமுனை)

அஸ்ஸலாமு அலைக்கும். விமானம் எனக்குத் தெரியாது. நாலு தலைமுறையாக நெசவு, அதனால் பட்டியைப் பற்றிப் பேசலாம்.

இரண்டாவது படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். ஓரம் நன்றாக இருக்கிறது. இந்த மாதிரிப் பாரம் தாங்கும் பட்டியில் ஓர இழை பாவோடு சேர்ந்து இறுக்கமாக, ஒரே சீராக ஓடும். இப்போது மலிவுக்கு நெய்யும் பட்டிகளில் ஒரு பக்க ஓரம் பின்னல் மாதிரிக் கொளுவி முடிந்திருக்கும், ஊசித் தறியில் நெய்வதால் அப்படி வரும். இரண்டு ஓரத்தையும் ஒப்பிட்டால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அதற்காக ஊசித் தறி ஓரம் கண்டதும் போலி என்று எறிந்துவிடவும் கூடாது, பிந்திய காலத்தில் உண்மையான சாமானும் அப்படி நெய்திருக்கலாம்.

தையலைப் பாருங்கள். வளையம் சேரும் இடத்தில் பெட்டி போட்டு நடுவில் குறுக்குத் தையல் போயிருக்கிறது. இழுவை அங்கேதான் வரும். அந்தத் தையல் நூல் மாற்றப்பட்டிருந்தால், பழைய ஊசித் துளைகள் புதுத் தையலுக்குப் பக்கத்தில் வெறுமையாக இருக்கும். உங்கள் படத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

நைலோனா பொலியெஸ்ரரா என்று பார்க்க நெருப்பு வைத்துப் பார்க்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டும் உருகி மணியாகத்தான் வரும், அதனால் நெருப்புச் சோதனை பருத்தியைப் பிரிக்கத்தான் உதவும். பழைய சாமானில் ஓர் இழைகூட எரிக்க வேண்டாம்.

லண்டன்_மட்டு

தறிக்காரன் காக்கா சொன்னது பொன்னான விஷயம். இங்கே சந்தைகளில் ஊதா வெளிச்ச டோர்ச் அடித்துப் பார்ப்பார்கள். புதுக்காலத்துத் தையல் நூலில் வெளுப்பூட்டும் இரசாயனம் இருப்பதால் நீலவெள்ளையாக மின்னும். ஆனால் பழைய பட்டியைச் சவர்க்காரத் தூளில் தோய்த்திருந்தாலும் அப்படியே மின்னும். ஆகவே மின்னினால் போலி என்று முடிவு கட்டாதீர்கள், தையல் மட்டும் மின்னிப் பட்டி மின்னாவிட்டால்தான் சந்தேகம்.

படுவான்கரையாள் (வெல்லாவெளி)

எல்லாரும் நல்லாக எழுதுகிறீர்கள். நான் சொல்வது உங்களுக்குக் கசக்கலாம்.

எங்கள் பக்கத்தில் பொம்பர் வந்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் ஓடிய சனம் நாங்கள். கிபிர் சத்தம் என்று சொன்னாலே இன்றைக்கும் என் அம்மா வெளியே வந்து வானத்தைப் பார்ப்பார். அந்தக் கிபிர் விமானங்களின் சீற்றும் மார்ட்டின் பேக்கர்தான். மேலே இருந்தவனின் காலைக் காப்பாற்ற இவ்வளவு யோசித்திருக்கிறார்கள். கீழே இருந்தவர்களின் காலுக்கு யார் யோசித்தார்கள்? இதைச் சேர்த்துக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சண்டைக்குக் கேட்கவில்லை.

வாவிக்கரை (கல்லடி)

அண்ணன், நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். இதை நான் தொடங்கும்போதே எனக்குள் இருந்த கேள்வி.

இந்த மண்ணுக்கு மேலே குண்டோடு பறந்த எந்த விமானத்தின் சாமானையும் நான் வாங்குவதில்லை. ஒருவர் அப்படி ஒன்றை விலை சொல்லியபோது வேண்டாம் என்றேன், இனியும் வேண்டாம். நான் சேர்ப்பது பிரித்தானிய, அமெரிக்க, ஜெர்மன் சாமான், அதுவும் ஐம்பதுகளில் இருந்து எழுபதுகள் வரை. அந்த நாடுகளின் விமானங்களும் யாரோ ஒருவரின் ஊருக்கு மேலே பறந்தவைதான் என்று நீங்கள் சொன்னால், அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. அமெரிக்கக் கடற்படையின் ஃபாண்டம் பட்டி என்னிடம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வைத்திருக்கும் அட்டையில் வியட்நாம் என்று எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

என்னைப் பிடித்தது ஆயுதம் இல்லை. சுடப்படும் ஒரு கதிரைக்குள் மனித உடம்பு எங்கே உடையும் என்று ஒவ்வொரு மூட்டாக எண்ணிப் பார்த்து அதற்குப் பட்டி தைத்த அந்த வேலை. அந்தக் கம்பனியை நடத்திய ஜேம்ஸ் மார்ட்டின் எஜெக்‌ஷன் சீற் பக்கம் முழுதாகத் திரும்பியதற்கு, அவருடைய கூட்டாளி வலன்டைன் பேக்கர் 1942இல் சோதனைப் பறப்பில் இறந்தது ஒரு காரணம். பெர்னார்ட் லிஞ்ச் என்ற அவர்களுடைய தொழிலாளி 1946 ஜூலை 24ஆம் திகதி பறக்கும் மீற்றியோர் விமானத்தில் இருந்து தன்னைச் சுடவிட்டுப் பார்த்தார். இன்றைக்கு அந்தக் கம்பனியின் சீற்றால் உயிர் தப்பியவர்கள் ஏழாயிரத்துக்கும் மேல்.

கீழே இருந்தவர்களைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை என்பது உண்மை. என் பெட்டிக்குப் பக்கத்தில் அதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். என்ன வசனம் எழுதுவது என்று நீங்கள் சொன்னால் அதையே எழுதுகிறேன்.

கணக்கு_சேர் (கல்முனை)

படுவான்கரையாள் எழுதியதை இந்த இழையில் இருந்து யாரும் நீக்கக் கூடாது என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கரை_ராத்தா (அக்கரைப்பற்று)

நான் நூலகத்தில் பழைய ஏடு, துணி, பத்திரிகை பராமரிப்பவள். எல்லாரும் வாங்குவது பற்றியே பேசுகிறீர்கள். நம் கரையில் வாங்கிய சாமானைப் பத்து வருசம் காப்பதுதான் கஷ்டம். கல்லடி என்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி.

நைலோனுக்கு முதல் எதிரி வெயில். நிறம் மங்குவதைத்தான் நாம் காண்கிறோம், உள்ளே இழையின் பலமே போய்விடும். சன்னலுக்கு எதிரே கண்ணாடிப் பெட்டி வைக்க வேண்டாம். இரண்டாவது எதிரி உப்பு ஈரம். டி வளையமும் பக்கிளும் பெரும்பாலும் கட்மியம் பூசிய உருக்கு. அதில் வெள்ளைத் தூள் மாதிரிப் பூத்திருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், அந்தத் தூள் மூச்சில் போனால் நஞ்சு. கையுறை போட்டுத்தான் பிடிக்க வேண்டும், பிள்ளைகள் கைவைக்கும் கண்காட்சியில் பூத்த வளையத்தை வெளியே வைக்கவே கூடாது. சேர், உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தூசியை மென்மையான தூரிகையால் தட்டுங்கள், பட்டிக்கு மேலே ஒரு நெற்றுத் துணி போட்டு வக்கூமைத் தூரப் பிடித்து இழுங்கள். தோய்க்க வேண்டாம். லேபிளின் மை கரைந்தால் லண்டன் அண்ணன் சொன்ன இலக்கமெல்லாம் போச்சு. பூச்சி உருண்டை போட வேண்டாம், அது பிளாஸ்ரிக்கையும் ரப்பரையும் கெடுக்கும். பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அமிலம் இல்லாத வெள்ளைத் தாளில் தளர்வாகச் சுற்றி, அட்டைப்பெட்டியில், சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி மழை, அந்த மாதங்களில் ஜெல்லை அடிக்கடி மாற்றி, பழையதைச் சூடாக்கி உலர்த்தி வையுங்கள். மடிக்க வேண்டி வந்தால் மடிப்புக்குள் தாளை உருட்டி வைத்தால் கோடு விழாது.

இன்னொன்று. 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் கண்ட ஊர் உங்களுடையது. பெட்டியை மேல்மாடியில் வையுங்கள், லேபிள்களின் படங்களை இன்னொருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள்.

வாவிக்கரை (கல்லடி)

ராத்தா, என்னிடம் ஒரு சோடி ஸ்டார்ஃபைற்றர் குதிமுள்ளும் இருக்கிறது, அந்த ஜெட்டின் விமானிகள் கால்பட்டிக்குப் பதிலாகச் சப்பாத்தில் கட்டியது. தோல் வார் உள்ளது. அதற்கும் இதே முறைதானா?

அக்கரை_ராத்தா (அக்கரைப்பற்று)

தோல் வேறு. தோலும் பித்தளையும் தொடும் இடத்தில் பச்சையாகக் களிம்பு கட்டும். மரக்குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டு, இடையில் ஒரு தாள் துண்டு வையுங்கள். எண்ணெய், பொலிஷ் ஒன்றும் பூசாதீர்கள், கறுத்துப் போகும். பூஞ்சணம் வந்தால் வீட்டுக்குள் தட்டாமல் வெளியே நிழலில் வைத்துத் தட்டுங்கள், மற்றச் சாமானோடு சேர்க்க வேண்டாம்.

சீனன்குடா_மகன் (ஆரையம்பதி)

குதிமுள்ளா! படம் போடுங்கள் தம்பி, கேள்விப்பட்டிருக்கிறேன், கண்டதில்லை.

லண்டன்_மட்டு

அது தனிக் கதை. ஸ்டார்ஃபைற்றர் F-104 முதலில் பறந்தது 1954இல். லொக்ஹீட் செய்த C-2 சீற்றில் துணிப் பட்டி இல்லை. விமானி சப்பாத்துக்கு மேலே உலோகக் குதிமுள் கட்டுவார், குதிரைக்காரன் கட்டுவது மாதிரியே தோற்றம். சீற்றில் இருந்து வரும் உருக்குக் கேபிளின் நுனியில் ஒரு குண்டு இருக்கும், அது குதிமுள்ளில் உள்ள பிடிக்குள் போய்ப் பூட்டும். எஜெக்ட் பண்ணும்போது கேபிள் உள்ளே சுருண்டு பாதத்தைச் சீற்றோடு இழுத்துப் பிடிக்கும், பிரியும் நேரம் சீற்றில் உள்ள ஒரு கத்தி கேபிளை வெட்டிவிடும். நடக்கும்போது கிணுகிணு என்று சத்தம் வரும் என்பதால் விமானிகளுக்கு அதில் ஒரு பெருமை. U-2, SR-71 உளவு விமானங்களின் விமானிகளும் குதிமுள் கட்டினார்கள்.

ஜெர்மனி அறுபதுகளின் பிற்பகுதியில் தன் ஸ்டார்ஃபைற்றர்களில் C-2வை எடுத்துவிட்டு மார்ட்டின் பேக்கர் GQ-7 சீற்றைப் பூட்டியது. ஆகவே ஒரே விமானத்துக்கு முதலில் குதிமுள், பிறகு துணிக் கால்பட்டி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரு பெட்டிக்குள்ளேயே அந்த மாற்றம் தெரியும். தம்பியிடம் இருப்பதைப் பார்த்தால் நடுவில் 12 என்று வரும் ஒரு ஜெர்மன் பட்டியைத் தேடுவதுதான் அடுத்த வேலை என்று நினைக்கிறேன். ஃபாண்டம் பட்டி இன்னொன்றுக்காக ஓடுவதைவிட அது பெரிய விஷயம்.

ஃபாண்டமுக்கு வருவோம். அமெரிக்கக் கடற்படை ஃபாண்டமில் காலுக்கு இரண்டு பட்டி: தொடைப் பக்கம் ஒன்று, கணுக்காலுக்கு மேலே ஒன்று. முழுத் தொகுதி என்றால் நான்கு. பிரித்தானியப் பயிற்சி விமானங்களில் பெரும்பாலும் காலுக்கு ஒன்று, முழங்காலுக்குக் கீழே. ஒரு சோடியை மட்டும் வைத்து “முழு ஃபாண்டம் தொகுதி” என்று விற்பவரிடம் மற்ற இரண்டும் எங்கே என்று கேளுங்கள்.

தறிக்காரன் (மருதமுனை)

ரஷ்யாக்காரனுக்கு என்ன? மிக் விமானத்துக் கால்பட்டி என்று ஒருவன் போட்டிருக்கிறான், சிவப்பு நட்சத்திரமும் குத்தி.

லண்டன்_மட்டு

காக்கா, அதைத் தொடாதீர்கள். மிக் 29 போன்றவற்றில் உள்ள சோவியத் K-36 சீற்றில் கால் பிடிப்பு சீற்றோடு சேர்ந்தே வரும். விமானி காலில் ஒன்றும் கட்டத் தேவையில்லை. கைபிடியை இழுத்ததும் சீற்றே தொடையைத் தூக்கி, கணுக்காலைச் சுற்றி இழுத்து, கைகளுக்கும் தடுப்பு வைக்கும். 1989 ஜூன் 8ஆம் திகதி பாரிஸ் விமானக் கண்காட்சியில் நிலத்துக்கு மிகக் கிட்ட மிக் 29இல் இருந்து விமானி குவோச்சூர் தப்பியது அந்தச் சீற்றில்தான். ஆகவே அந்தச் சீற்றுக்குரிய தனிக் கால்பட்டி என்று ஒன்று விமானியின் சாமானாகக் கிடைக்காது. நட்சத்திரம் குத்தியிருப்பதே பொய்யின் அடையாளம்.

மேற்கிலும் இப்போது அந்தப் பக்கம்தான் போகிறார்கள். ஐரோப்பியப் போர் விமானமான டைஃபூனின் மார்ட்டின் பேக்கர் மார்க் 16 சீற்றில் கால் பிடிப்பு சீற்றிலேயே இருக்கிறது, விமானி பட்டி கட்டுவதில்லை. பழைய சீற்றுகள் ஓய்வுபெற ஓய்வுபெற இந்தப் பட்டிகள் புதிதாக வருவது நின்றுவிடும். இப்போது சேர்ப்பவர்கள்தான் மிஞ்சுவதைக் காப்பார்கள்.

பெரியகல்லாறு_ரவல்ஸ்

சுங்கத்தில் பிரச்சினை வராதா? நானும் ஒன்று எடுக்க யோசிக்கிறேன்.

வாவிக்கரை (கல்லடி)

நான் செய்வதைச் சொல்கிறேன். வாங்குவதற்கு முன்பே படத்தோடு சுங்கத்திடம் எழுத்தில் கேட்டுவிடுவேன். பார்சலில் “பழைய நைலோன் கால்பட்டி, வெடிபொருள் இல்லை” என்று உள்ளதை உள்ளபடி எழுதச் சொல்வேன். அன்பளிப்பு, உடுப்பு என்று பொய் எழுதும் விற்பனையாளரிடம் வாங்க மாட்டேன். அமெரிக்காவில் உள்ள பலர் இந்தச் சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பவே மாட்டார்கள், அவர்களுடைய ஏற்றுமதிக் கட்டுப்பாடு கடுமையானது, அவர்களை வற்புறுத்த வேண்டாம். இராணுவ உடுப்பு, புள்ளித் துணி கூட வருகிறது என்றால் அந்தத் தொகுதியையே விட்டுவிடுங்கள். நம் நாட்டில் அது தேவையில்லாத தலையிடி.

மிக முக்கியமானது ஒன்று. கால்பட்டியில் வெடிபொருள் எதுவும் இல்லை. சீற் அப்படி இல்லை. அதற்குள் பல வெடித் தோட்டாக்கள், பிந்தியவற்றில் ரொக்கெற்றும் இருக்கும். பழைய இரும்புக் கடையில் சீற் மாதிரியோ அதன் குழாய் மாதிரியோ ஏதாவது கண்டால் தூக்கிப் பார்க்காதீர்கள், பொலிசுக்குச் சொல்லுங்கள். வயலிலும் காட்டிலும் கிடந்ததைத் தொட்டுக் கையிழந்த பிள்ளைகளை இந்த மாகாணத்தில் எல்லாரும் கண்டிருக்கிறோம்.

பெரியகல்லாறு_ரவல்ஸ்

நல்லது, விளங்கிற்று. முதலில் இரத்மலானை விமானப்படை நூதனசாலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கிறேன்.

சீனன்குடா_மகன் (ஆரையம்பதி)

போனால் பழைய ஜெட்களின் சீற் தெரியும் இடத்தில் நின்று, முன்விளிம்பில் ஸ்னப்பரைத் தேடுங்கள். கயிறு எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை கண்ணால் கண்டால் மேலே நான் எழுதியது முழுக்க விளங்கும். கை வைக்காதீர்கள்.

படுவான்கரையாள் (வெல்லாவெளி)

வாவிக்கரை தம்பி, நீங்கள் வசனம் கேட்டதால் வந்தேன். உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சேர்ப்பது பற்றி என் எண்ணம் மாறவில்லை. ஆனால் அட்டையில் எழுதுவதாக இருந்தால் இதை எழுதுங்கள்: “இந்தப் பட்டி கட்டியவர்கள் பறந்த வானத்தின் கீழே பங்கர் வெட்டிய சனமும் இருந்தது.” அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

வாவிக்கரை (கல்லடி)

அப்படியே எழுதுகிறேன் அண்ணன். எழுத்து மற்ற அட்டைகளின் அளவிலேயே இருக்கும், சிறிதாக்க மாட்டேன்.

சேர், கண்காட்சிக்கு நீலச் சோடியை மட்டும் கொண்டுவருகிறேன், வளையம் பூக்கவில்லை என்று ராத்தாவுக்குப் படம் அனுப்பிக் காட்டிய பிறகு. கயிறும் ஸ்னப்பரும் என்னிடம் இல்லாததால் பலகையில் மாதிரி ஒன்று செய்யலாம் என்று இருக்கிறேன். தறிக்காரன் காக்கா, இரண்டு அங்குல அகலத்தில் நீலப் பட்டி நான்கு முழம் நெய்து தர முடியுமா? பிள்ளைகள் தங்கள் காலிலேயே கட்டிக் கயிற்றை இழுத்துப் பார்க்கட்டும்.

தறிக்காரன் (மருதமுனை)

நெய்யலாம் தம்பி. நைலோன் நூல் என்னிடம் இல்லை, பருத்தியில் இறுக்கமாக நெய்து தருகிறேன், பிள்ளைகள் இழுக்க அது தாங்கும். உங்கள் படத்தில் இருக்கிற நீலம் கொஞ்சம் கறுப்புக் கலந்தது, வெளிச்சத்தில் எடுத்த படம் இன்னொன்று போடுங்கள், சாயம் பார்க்க வேண்டும். காசு வேண்டாம். ஓரத்தில் புதிதாக நெய்தது என்று தெரியும்படி ஒரு வெள்ளை இழை ஓட விடுவேன், பிறகு யாரும் அதைப் பழையது என்று விற்கக் கூடாது.